கடல் இல்லாத ஊரில் உப்புத் தண்ணியைக் கரண்ட் வைத்துப் பிரிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏனுங்கண்ணா, கடலைப் பார்க்கோணும்னாலே நாம ராத்திரி பஸ் ஏறோணும். கடல் தண்ணியக் குடிதண்ணியாக்குறது நமக்கெதுக்குங்க?"

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த டி.டி.எஸ். மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவியை எடுத்து, அவன் வீட்டுக் குழாயில் பிடித்த டம்ளருக்குள் முக்கிக் காட்டினேன். 2,800 என்று நின்றது. லிட்டருக்கு 2,800 மில்லிகிராம், அதாவது 2.8 கிராம் உப்பு. கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு கடல் அவன் தோட்டத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. பஸ் ஏற வேண்டியதில்லை.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நல்ல தண்ணிக்கு ஒரு குடம், உப்புத் தண்ணிக்கு ஒரு குடம் என்று பிரித்து வைத்துப் பழகியவர்கள் நாம். போர்த் தண்ணியில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. சோப்பு நுரைக்காது. எவர்சில்வர் குண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அடியில் இருப்பது கெட்டிப்பாறை. மழையும் குறைவு. பாறை இடுக்கில் நெடுங்காலமாகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உப்பேறிவிடுகிறது. போரை ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணி வரும் என்று நம்பி ஆயிரம் அடி தாண்டியவர்கள் பலர். அவர்களில் பலருக்கு மேலே இருந்ததைவிட மோசமான தண்ணீர்தான் கிடைத்தது.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் பல வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன். கரண்டைக் கொண்டு உப்பைப் பிரிப்பது என்றால் என்ன, அதை மேசை மேல் வைத்து எப்படிச் செய்து பார்ப்பது, வீட்டுக்கோ தோட்டத்துக்கோ வாங்குவதற்கு முன் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்: ஒரு ஏமாற்று வித்தை

வீடு வீடாக வந்து தண்ணீர் மெஷின் விற்பவர்கள் செய்து காட்டும் ஒரு வித்தை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டம்ளரில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர். கம்பிகள் பொருத்திய ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார்கள். ஒரு நிமிஷத்தில் உங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிடும். அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். "இதைத்தானுங்க இத்தனை நாளாக் குடிச்சிட்டிருந்தீங்க" என்று ஒரு வசனம். அம்மாக்கள் பதறிப்போய் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் கொடுத்தார்கள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு கலந்த தண்ணீரில் கரண்ட் ஓடும், ஓடினால் இரும்பு கரையும், துருவாகத் திரளும். மெஷின் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். விற்க வந்தவர் முகமும் மாறும்.

வித்தை பொய் என்றாலும் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும்போது உப்பாகவே இருப்பதில்லை. நேர்மின்னேற்றம் உள்ள சோடியமாகவும் எதிர்மின்னேற்றம் உள்ள குளோரைடாகவும் பிரிந்து மிதக்கிறது. இவற்றைத்தான் அயனி என்கிறோம். கரண்டைச் சுமந்து போவது இந்த அயனிகளே. அப்படியானால் கரண்டை வைத்தே இவற்றை ஒரு பக்கமாக ஓட்டிக்கொண்டு போகலாம் அல்லவா? மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இன்னொரு சரக்கையும் சொல்லிவிடுகிறேன். குழாயைச் சுற்றிக் கம்பியையோ காந்தத்தையோ கட்டினால் உப்பு போய்விடும் என்று விற்பார்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் அப்படியேதான் நிற்கும்.

முதல் படி: இரண்டு வழிகளையும் பிரித்துப் புரிந்துகொள்வது

கரண்டை வைத்து உப்பு நீக்குவதில் பரவலாக இருப்பவை இரண்டு வழிகள்.

ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த ஆர்.ஓ. இதில் கரண்ட் வேலை செய்வது பம்ப்பில். பம்ப் தண்ணீரை ஒரு சவ்வின் மேல் அழுத்துகிறது. தண்ணீர் சவ்வைக் கடந்துவிடும், உப்பில் பெரும்பகுதி பின்தங்கிவிடும். எவ்வளவு உப்போ அவ்வளவு அழுத்தம் தேவை. கடல் தண்ணீருக்குத் தானாகவே 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவுக்கு ஓர் எதிர் அழுத்தம் இருக்கிறது. அதை மீறித் தள்ள, ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. 2010-இல் தொடங்கிய மீஞ்சூரும் 2013-இல் தொடங்கிய நெம்மேலியும் நாளுக்கு 10 கோடி லிட்டர் கணக்கு. நெம்மேலியில் 2024-இல் திறந்த இரண்டாவது ஆலை 15 கோடி லிட்டர். பம்ப்புக்குப் பேர்போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். மொத்த விஷயமே ஒரு நல்ல பம்ப்பும் ஒரு நல்ல சவ்வும்தான்.

இரண்டாவது வழி எலக்ட்ரோடயாலிசிஸ். டயாலிசிஸ் என்ற சொல்லை ஆஸ்பத்திரிகளில் கேட்டிருப்பீர்கள். அங்கே சவ்வு வழியாக ரத்தத்தின் கழிவு வெளியேறுவது போல, இங்கே சவ்வு வழியாகத் தண்ணீரின் உப்பு வெளியேறுகிறது. ஆர்.ஓ.வுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று. அங்கே தண்ணீரை இழுத்து உப்பை விட்டுவிடுகிறோம். இங்கே உப்பை இழுத்து தண்ணீரை விட்டுவிடுகிறோம்.

ஒரு மாட்டுப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காளையும் பசுவும் கலந்து நிற்கின்றன. கிழக்குப் பக்கம் காளைக்குத் தீனி, மேற்குப் பக்கம் பசுவுக்குத் தீனி. கிழக்குப் படல் காளையை மட்டும் விடும், மேற்குப் படல் பசுவை மட்டும் விடும். கொஞ்ச நேரத்தில் நடுப்பட்டி காலியாகிவிடும். இதே மாதிரி பட்டிகளை வரிசையாக, காளைப் படல், பசுப் படல் என்று மாற்றி மாற்றி அடைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு பட்டியிலிருந்து வெளியேறிய காளை அடுத்த பட்டியில் பசுப் படலில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒன்று விட்டு ஒன்று பட்டிகள் காலியாகும், இடையில் இருப்பவை நிரம்பி வழியும். எலக்ட்ரோடயாலிசிஸ் அடுக்கு என்பது இதேதான். காளை என்பது நேர் அயனி, பசு என்பது எதிர் அயனி, படல்கள் இரண்டு வகைச் சவ்வுகள், தீனி என்பது இரண்டு முனைகளிலும் கொடுக்கும் நேர் மின்னோட்டம். காலியான அறைகளில் நல்ல தண்ணி, நிரம்பிய அறைகளில் கடும் உப்புத் தண்ணி.

மின்னேற்றம் உள்ளவைதான் இதில் நகரும் என்பதை நினைவில் வையுங்கள். கிருமிக்கு இந்தப் படல் கணக்கு பொருந்தாது. மணல்சத்தான சிலிக்காவும் பெரும்பாலும் நகராது. அதனால் எலக்ட்ரோடயாலிசிஸ் தண்ணீரைக் காய்ச்சாமலோ புற ஊதா விளக்கில் காட்டாமலோ குடிக்கக் கூடாது.

இரண்டாம் படி: தண்ணீரை அளப்பது

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். வாங்குங்கள். ஆனால் அது உப்பை நேரடியாக எடை போடுவதில்லை. தண்ணீரில் கரண்ட் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்கிறது. ஆகவே 2,800 என்று காட்டினால் அதைச் சுமார் 2,800 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மலிவான மீட்டர்கள் பத்தாயிரத்தை நெருங்கும்போது கைவிரித்துவிடும். கடும் உப்பை அளக்கும்போது ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

மீட்டர் சொல்லாத விஷயங்களுக்கு ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மோட்டாரைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், எங்கள் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

அறிக்கை வந்ததும் பார்க்க வேண்டியவை ஐந்து. மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. குளோரைடுக்கு 250, 1,000. ஃபுளோரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. இந்தக் கடைசி இரண்டையும் கவனமாகப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு எத்தனை பல்லையும் எலும்பையும் பாழாக்கியது என்பது ஊரறிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். நைட்ரேட் என்பது யூரியாவும் மாட்டுச் சாணமும் மண்ணில் இறங்கிப் போவது. தொழுவத்துக்குப் பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டும் காய்ச்சினால் போகாது. இரண்டுக்கும் மின்னேற்றம் உண்டு என்பதால் எலக்ட்ரோடயாலிசிஸில் நகரும், ஆர்.ஓ.விலும் குறையும்.

மூன்றாம் படி: காகிதத்தில் கணக்கு

ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஜோடிச் சவ்வு வழியாக அதிகபட்சம் 2.18 கிராம் சாப்பாட்டு உப்பு நகரும். இது ஃபாரடே கண்ட விதி. எந்த விற்பனையாளரும் இதை மீற முடியாது.

தம்பியின் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 2,800-லிருந்து 400-க்குக் கொண்டுவர வேண்டும். ஆயிரம் லிட்டரில் 2.4 கிலோ உப்பை நகர்த்த வேண்டும். 2,400-ஐ 2.18-ஆல் வகுத்தால் 1,100 ஆம்பியர்-மணி. பயந்துவிடாதீர்கள். நூறு ஜோடிச் சவ்வுகள் அடுக்கியிருந்தால் ஒரே கரண்ட் நூறு ஜோடி வழியாகவும் போய் நூறு இடத்தில் வேலை செய்யும். 11 ஆம்பியர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஜோடிக்கு ஒரு வோல்ட் என்று வைத்தால் நூறு வோல்ட். 11-ஐ நூறால் பெருக்கினால் 1,100 வாட்-மணி, 1.1 யூனிட். வழியில் கொஞ்சம் வீணாகும். ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஓட்டும் சின்ன மோட்டார்களுக்கும் சேர்த்து.

அதே வேலைக்கு ஆர்.ஓ.? 10 பார் அழுத்தம், பாதித் தண்ணீர் நல்ல தண்ணியாக வருகிறது, பம்ப்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகின்றன. உப்பு இதைவிடக் குறைவாக இருந்தால் எலக்ட்ரோடயாலிசிஸ் கை ஓங்கும், கூடினால் ஆர்.ஓ.வின் கை.

கடல் தண்ணீருக்கு இதே கணக்கைப் போடுங்கள். 35 கிலோ உப்பை நகர்த்த 16,000 ஆம்பியர்-மணி, அதே ஒரு வோல்ட்டில் 16 யூனிட். ஆர்.ஓ. ஆலைகள் அதை 3 முதல் 4 யூனிட்டுக்குள் முடித்துவிடுகின்றன. கடலோர ஊர்களில் ஏன் எலக்ட்ரோடயாலிசிஸ் குடிநீர் ஆலைகளைக் காணோம் என்றால் காரணம் இதுதான். ஜப்பானில் கடல் தண்ணீருக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தலைகீழாக. அவர்களுக்கு வேண்டியது அந்தக் கடும் உப்புத் தண்ணி. அதைக் காய்ச்சிச் சாப்பாட்டு உப்பு எடுக்கிறார்கள்.

அதாவது இந்த முறை கடலைவிட நம் போருக்குத்தான் பொருத்தமானது. தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

நான்காம் படி: மேசை மேல் செய்து பார்ப்பது

இதைக் கையால் செய்து பார்த்தவர்களை எந்த விற்பனையாளரும் ஏமாற்ற முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் கூட நின்று செய்யலாம்.

அக்ரிலிக் தகட்டில் மூன்று அறைகள் கொண்ட ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அளவு சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள். அறைகளுக்கு நடுவில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஜன்னல். நடு அறையின் அகலம் இரண்டரை செ.மீ. அப்போது அதில் கால் லிட்டர் பிடிக்கும். ஜன்னல்களில் அயனிச் சவ்வுகளை ரப்பர் ஓரம் வைத்து இறுக்க வேண்டும். இந்தச் சவ்வு கடைத்தெருவில் கிடைக்காது. இணையத்தில் தாள் கணக்கில் விற்கிறார்கள். குஜராத்தில் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டிலேயே இவ்வகைச் சவ்வுகளை உருவாக்கிப் பல காலமாக ஆராய்ந்துவருகிறது. வாங்கிய சவ்வை ஒரு நாள் உப்புத் தண்ணியில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். ஒருமுறை நனைந்த பிறகு காயவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

இரண்டு ஓர அறைகளிலும் வைக்கும் மின்முனைக்கு கிராஃபைட் தகடு போதும். வசதி இருந்தால் பூச்சுப் பூசிய டைட்டானியம் வலை. எவர்சில்வர் மட்டும் நேர்முனையில் வேண்டவே வேண்டாம். நான் அவசரத்துக்கு ஒரு எவர்சில்வர் தட்டை வெட்டிப் போட்டேன். அரை மணியில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. எவர்சில்வரில் உள்ள குரோமியம் கரைந்து நஞ்சான வடிவத்தில் வந்த நிறம் அது. அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தனியாக மூடிவைத்து, பிறகு சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்து நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மின்சாரம் 24 வோல்ட்டைத் தாண்டாத நேர் மின்னோட்டமாக இருக்க வேண்டும். கரண்டைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள, மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பவர் சப்ளை மிகவும் வசதி. வீட்டு பிளக்கிலிருந்து நேராக ஒயர் இழுக்கும் எண்ணம் வந்தால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

நடு அறையில் கால் லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 0.7 கிராம் உப்பு. இது தம்பியின் போர்த் தண்ணிக்குச் சமம். இரண்டு ஓர அறைகளிலும் லிட்டருக்குப் பத்து கிராம் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) கரைத்த தண்ணீர். திருப்பூரில் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாகப் போடுவார்களே, அதே கிளாபர்தான். சாப்பாட்டு உப்பை ஓர அறையில் போட்டால் நேர்முனையில் குளோரின் வாயு அதிகமாக வரும். கிளாபர் போட்டாலும் நடு அறையிலிருந்து வரும் குளோரைடால் கொஞ்சம் வரத்தான் செய்யும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வரும். ஆகவே திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது.

எதிர் அயனியை விடும் சவ்வு நேர்முனைப் பக்கம், நேர் அயனியை விடும் சவ்வு எதிர்முனைப் பக்கம். முதல் தடவை நான் இதை மாற்றிப் போட்டுவிட்டேன். மீட்டர் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு மீட்டரும் வாங்கினேன்.

கரண்டை 0.2 ஆம்பியரில் நிறுத்துங்கள். உப்பு குறையக் குறைய அதே கரண்டை ஓட்ட வோல்ட் தானாக ஏறும். சுமந்து போக அயனி இல்லாததுதான் காரணம். அவ்வப்போது மரக்குச்சியால் நடு அறையைக் கலக்கி, கால் மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 400-க்கு இறங்க 0.6 கிராம் நகர வேண்டும். கணக்குப்படி 83 நிமிஷம். கையால் செய்யும்போது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு கரண்ட் வீண்.

இப்போது எதிர்முனை அறையிலிருந்து ஒரு துளியை வெள்ளைத் தட்டில் வைத்து, ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை தூவுங்கள். ஆரத்தி மாதிரி சிவந்துவிடும். அந்தப் பக்கம் காரம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய இயந்திரங்களில் எதிர்முனைப் பக்கம் சுண்ணாம்பு படிவது இந்தக் காரத்தால்தான்.

நடு அறைத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். ஓர அறைத் தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து கொட்டிவிடலாம்.

ஐந்தாம் படி: வாங்குவதா, எதை வாங்குவது

நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தண்ணீர் வேண்டும் என்றால் ஆர்.ஓ. பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடயாலிசிஸ் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பழுது பார்க்க ஆளும் உண்டு. ஆனால் பல பெட்டிகளில் 2,000 டி.டி.எஸ். வரைக்கும்தான் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். உங்கள் எண் அதைத் தாண்டினால் உப்பு அதிகமுள்ள தண்ணீருக்கான மெம்பரேன் (சவ்வு) போட்ட பெட்டியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு மெம்பரேன் மாற்ற வேண்டியிருக்கும்.

வீட்டு ஆர்.ஓ.வில் நாலு குடம் ஊற்றினால் ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைக் குடம்தான் நல்ல தண்ணியாக வரும். ஆயிரம் அடியிலிருந்து இறைத்த தண்ணீரில் முக்கால் பங்கைக் கழிவுக் குழாயில் விடுவது எனக்கு மனசு கேட்பதில்லை. குறைந்தபட்சம் அதை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் வையுங்கள்.

விடுதி, பள்ளிக்கூடம், பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்த வளவு என்று நாளுக்கு ஆயிரக்கணக்கில் லிட்டர் தேவைப்படும் இடங்களில் எலக்ட்ரோடயாலிசிஸை விசாரிக்கலாம். அங்கே 80, 85 சதவீதத் தண்ணீரைக்கூட நல்ல தண்ணியாக மீட்க முடியும். கேட்கும்போது முனை மாற்றும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறும். நல்ல தண்ணி அறைகளும் உப்புத் தண்ணி அறைகளும் மாறிக்கொள்ளும். படிந்த சுண்ணாம்பும் அழுக்கும் தானாகக் கழன்று போகும். கடினத்தன்மை அதிகமுள்ள நம் தண்ணீருக்கு இந்த வசதி இல்லாத இயந்திரத்தை வாங்கவே கூடாது. முன்னால் மணலும் இரும்பும் வடிகட்ட ஒரு வடிகட்டியும் வேண்டும்.

தண்ணீரை எந்த அளவுக்கு இறக்குவது? 50-க்கு இறக்கிக் காட்டுகிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். தேவையில்லை. உப்பு மிகவும் குறைந்துபோனால் கரண்ட் சுமக்க ஆள் இல்லாமல் தண்ணீரே பிளந்து வீணாகும், ருசியும் இருக்காது. 300, 400 போதும். ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் சுளிப்பார்கள்.

தோட்டத்து இலவச மின்சாரத்தில் இதை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அது பாசனத்துக்கு. வீட்டு இணைப்பிலோ வணிக இணைப்பிலோதான் ஓட்ட வேண்டும்.

ஆறாம் படி: உப்பு எங்கே போகிறது

இதற்குப் பதில் தெரியாமல் ஐந்தாம் படியில் பணம் கட்டாதீர்கள். இதை முதல் படியாகவே வைத்திருக்க வேண்டும். ஆனால் முதலில் சொன்னால் யாரும் மேலே படிக்க மாட்டார்கள்.

கரண்ட் உப்பை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. நாளுக்கு ஆயிரம் லிட்டர் தம்பியின் தண்ணீரை ஊற்றி, 850 லிட்டர் நல்ல தண்ணி எடுத்தால், மீதி 150 லிட்டரில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ உப்பு நிற்கும். லிட்டருக்குப் பதினாறு கிராம். பாதிக் கடல். வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் 50 கிலோ மூட்டையில் 18 மூட்டை உப்பு, ஒரு சின்ன விடுதியிலிருந்து.

இதைத் தென்னைக்கு விட்டால் என்ன என்பார்கள். தென்னை கொஞ்சம் உப்பு தாங்கும் மரம்தான், ஆனால் உப்பு மண்ணில்தான் தங்கும். இரண்டு மூன்று வருஷத்தில் வெயிலில் மண்ணின் மேல் வெள்ளை பூப்பதைப் பார்ப்பீர்கள். பழைய கிணற்றில் விட்டால் உங்கள் போருக்கே திரும்பி வரும். ஓடையில் விட்டால் என்ன ஆகும் என்று திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கேட்டால் தெரியும். அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப்போனது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போய்ப் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் ஆர்.ஓ., அதன் கழிவைச் சூடாக்கி வற்றவைக்கும் எவாப்பரேட்டர், உப்பை மீட்டு மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துவது என்று திருப்பூர் மாறியது. பட்டறைக்காரர்களுக்கு அதில் ஆன செலவு கொஞ்சமல்ல. அப்படியும் மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகள் கூரைக்குக் கீழே அடுக்கிக் கிடக்கின்றன. ஆய்வகத்தில் இருந்தபோது நான் தினமும் அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

சின்ன அளவுக்கு எவாப்பரேட்டர் கட்டுப்படியாகாது. நமக்கு இருப்பது வெயில். தினமும் வரும் 150 லிட்டர் காய ஒன்றரை சென்ட் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தொட்டி போதும். மண்தொட்டி கூடாது. அடியிலும் ஓரத்திலும் கெட்டியான பாலித்தீன் விரிப்பு விரித்து, மடிப்புகளைச் சூடாக ஒட்டியிருக்க வேண்டும். மாடு, ஆடு வந்து வாய் வைக்காமல் சுற்றிலும் வேலி. மேலே மழைநீர் வழிந்து வராமல் கரை. காய்ந்து கிடக்கும் உப்பு சமையலுக்கு ஆகாது. அதில் சோடியத்தோடு சுண்ணாம்பு, மெக்னீசியம், ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் கலந்திருக்கும். மாட்டுக்கும் வைக்கக் கூடாது. கழிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஓட்டிக்கொண்டிருப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, ஊற்றிய தண்ணீரின் எண், வந்த தண்ணீரின் எண், கழிவின் எண், ஆம்பியர், வோல்ட். தினமும் ஒரு வரி. அதே எண் தண்ணீருக்கு அதே ஆம்பியர் ஓட முன்பைவிட வோல்ட் கூடிக்கொண்டே போனால் சவ்வில் ஏதோ படிகிறது. நீர்த்த அமிலம் ஓட்டிக் கழுவ வேண்டும், அதை ஆள் வைத்துச் செய்யுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் வந்த தண்ணீரின் எண் ஏறினால் சவ்வு எங்கோ கிழிந்திருக்கிறது.

ஊற்றும் தண்ணீரின் எண் மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரையில் ஏறும், நல்ல மழைக்குப் பின் இறங்கும். பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் இருந்தால் குளம் நிரம்புவதற்கு முன்னும் பின்னும் போர் எண்ணைக் குறித்துவையுங்கள். இறங்கினால் அந்த மாதங்களில் கரண்டைக் குறைத்து ஓட்டலாம்.

கழிவைக் காயவைக்கும் தொட்டியைப் புரட்டாசிக்குள் சுரண்டி, உப்பை மூட்டை கட்டிக் கூரைக்குக் கீழே ஏற்றிவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் வருஷம் முழுக்கப் பிரித்தெடுத்த உப்பு ஒரே ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அந்தத் தம்பியின் தோட்டம் எனக்குக் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது.